பூச்சி சும்மா காத்துல மிதக்குற தூசி இல்லீங்க
மேல ஒருத்தர் "பூச்சிக்கு வெயிட்டே கிடையாது, காத்து அடிச்சா அது போற பக்கம் போக வேண்டியதுதான், கண்ட்ரோல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு லைக் வேற குவியுது. பாதி கூட சரி இல்லங்க.

பனாமால ஆர்கிட் தேனீய வச்சு ஸ்டேசி கோம்ப்ஸ், ராபர்ட் டட்லி ரெண்டு பேரும் பண்ண ஆராய்ச்சி 2009ல வந்துச்சு. வாசனை வச்சு ஆண் தேனீங்கள வரவழைச்சு, வேகமா அடிக்கிற காத்துக்கு எதிரா பறக்க விட்டாங்க. காத்து கொந்தளிக்க கொந்தளிக்க அதுங்க பக்கவாட்டுல உருள ஆரம்பிக்குது, உடனே பருத்த பின்னங்கால் ரெண்டையும் கீழ நீட்டி விரிச்சுக்குது. கயித்து மேல நடக்குறவர் நீளக் கம்பு பிடிக்கிற அதே பிசிக்ஸ்தான், உருள்றது மெதுவாகும், சுதாரிக்க டைம் கிடைக்கும். ஆனா ஓசில கிடைக்கல, கால நீட்டுனா காத்துத் தடை கூடும், பறக்க கிட்டத்தட்ட 30% எக்ஸ்ட்ரா சக்தி வேணும். கடைசில அதோட டாப் ஸ்பீட முடிவு பண்றது ரெக்கையோட பலம் இல்ல, உருண்டு விழாம எவ்ளோ தாக்குப்பிடிக்குதுங்கிறதுதான்.

ஈ, கொசுவுக்கு வேற டெக்னிக். பின் ரெக்கை இருக்க வேண்டிய இடத்துல குண்டூசி மாதிரி ரெண்டு குட்டிக் குமிழ் இருக்கும், ரெக்கையோட சேந்தே அதிரும், உடம்பு லேசா திரும்புனாலும் அது உணர்ந்து ரெக்கைக்கு சிக்னல் போயிடும். பெரிய ஈய உத்துப் பாத்தா நம்ம கண்ணுக்கே தெரியும்.

அவர் சொன்னதுல உண்மை எங்கன்னா, நீண்ட தூரம் போறப்ப. பாலைவன வெட்டுக்கிளி காத்தோடதான் போகும், 1988ல ஆப்பிரிக்காலேர்ந்து அட்லாண்டிக்க தாண்டி கரீபியன் தீவு வரைக்கும் போயிருக்கு. அப்பவும் ரெக்கைய அடிச்சுட்டேதான் போவுது, சும்மா மிதந்தா கடல்லதான் விழணும்.