அக்டோபரில் தோட்டம் முடிந்துபோவதில்லை

இங்கிலாந்தில் நான் இருக்கிற கிராமத்து வில்லேஜ் ஹாலின், அதாவது ஊர்ப் பொதுக்கூடத்தின், பூப்பாத்தியைத் தன்னார்வலர்கள் வெட்டிப் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை போட்ட படத்தின் கீழே ஆளுக்கொரு கருத்து சொல்லியிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை, அதனால் இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கோபம் தணியட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெட்டியது குப்பையை அல்ல, பூத்துக்கொண்டிருந்த செடிகளை. இடுப்பு உயரத்துக்கு ஊதா ஆஸ்டர். அதற்கு முன்னால் இளஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த செடம். ஓரத்தில் வெள்ளை ஜப்பான் அனிமோன். பின்சுவர் முழுக்க ஐவிக் கொடி, அதுவும் பூவோடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் வந்தபோது அந்த ஆஸ்டரில் ரெட் அட்மிரல் பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. மறுநாள் காலையில் புல் வெட்டுகிற ஸ்ட்ரிம்மர் மெஷினோடு வந்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் பச்சைக் குப்பைத்தொட்டிக்குள் போய்விட்டது. கேட்டால், குளிர்காலத்துக்காகச் சுத்தம் செய்தார்களாம்.

அக்டோபரில் தோட்டம் முடிந்துபோவதில்லை. இதைத்தான் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஹால் கமிட்டி மீட்டிங்கிலும் சொன்னேன், மின்னஞ்சலிலும் சொன்னேன், இப்போது இங்கேயும் சொல்கிறேன்.

ஐவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் மற்ற பூக்களெல்லாம் ஓய்கிற நேரத்தில்தான், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, அது பூக்கிறது. இலைக்கும் பூவுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் அது பூத்திருப்பதே பலர் கண்ணில் படாது. பக்கத்தில் போய் நின்றால் தேன் வாசனையும் ரீங்காரமும் சேர்ந்து வரும். ஐவி தேனீ என்றே ஒரு தனித் தேனீ இருக்கிறது. இந்த நாட்டில் அதை முதன்முதலில் கண்டது 2001இல், டோர்செட்டில். அதற்கப்புறம் வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டே வருகிறது. ஐவி பூக்கிற காலத்தை ஒட்டித்தான் அதன் ஆயுசே. அந்தச் சுவரை வழித்துவிட்டு நாம் சுத்தம் என்று பெயர் வைக்கிறோம்.

அப்புறம் பம்பிள்பீ, உடம்பெல்லாம் ரோமம் மூடிய குண்டுத் தேனீ. குளிர் தொடங்கியதும் கூட்டிலிருக்கிற மற்ற எல்லாம் செத்துப்போகும், பிழைப்பது புது ராணிகள் மட்டும்தான். அவை இப்போது தின்று கொழுத்தால்தான் மண்ணுக்குள் தூங்கி எழுந்து வசந்தத்தில் கூடு கட்ட முடியும். போன வாரம் காலையில் ஒரு ராணியைப் பார்த்தேன். ஆஸ்டர் பூவின் மேல் குளிரில் விறைத்துக் கிடந்தது, ரோமத்தில் பனித்துளி. செத்துவிட்டதோ என்று விரலைக் கிட்டே கொண்டுபோனேன். நடுக்காலை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்டியது. கிட்டே வராதே என்று அர்த்தம். அதற்கு அன்றைக்கு இருந்த வலு அவ்வளவுதான். வெயில் ஏறின பிறகு அதே செடியில்தான் தேன் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் செடியைத்தான் வெட்டினார்கள்.

இலை உதிர்ந்தால் கிழவிகள் வழுக்கி விழமாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். நடைபாதையில் கிடக்கிற ஈர இலையை நானே வாரிக் கம்பிக்கூண்டில் போடுகிறேன், ஒன்றிரண்டு வருஷத்தில் அருமையான மக்காகிவிடும். ஆனால் பாத்தி நடைபாதை அல்லவே. நத்தை வரும், பூஞ்சணம் வரும் என்கிறவர்களுக்கு: கரும்புள்ளி விழுந்த ரோஜா இலையைப் பொறுக்கி எடுங்கள், நானும் எடுக்கிறேன். அதற்காக மொத்தப் பாத்தியையும் மொட்டை அடிக்க வேண்டாம். செடியின் காய்ந்த தண்டையும் விதைத் தலையையும் குளிர்காலம் முழுக்க விட்டுவைக்கச் சொல்வது நான் மட்டுமில்லை, இந்த நாட்டின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியே அதைத்தான் சொல்கிறது. விதை குருவிக்கு, பொந்துத் தண்டு பூச்சிக்கு.

நவம்பரில் நினைவு ஞாயிறு வருகிறது, போரில் இறந்தவர்களுக்கு மலர்வளையம் வைக்க ஊரே கூடும், அன்றைக்கு இடம் ஒழுங்காக இருக்க வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டும். அந்த நினைவுத்தூண் கல்வெட்டில் இருக்கிற பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் அங்கே போய் நிற்கிறவள்தான். ஆனால் அதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே? நினைவுத்தூணைச் சுற்றி மட்டும் அந்த வாரம் ஒழுங்குபடுத்தியிருந்தால் யார் தடுத்தார்கள்?

"வேலை செய்கிறவர்கள் தன்னார்வலர்கள், குறை சொல்வது சுலபம்" என்கிற பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த முறைப்பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அந்த ஆஸ்டரை நட்டதே நான்தான். இங்கே வந்த முதல் இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா தன் தோட்டத்து ஆஸ்டர் தூரை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அப்போது எனக்கு இந்த ஊரில் பேச ஒரு ஆள் கிடையாது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்ததும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், சந்தில் தெருவிளக்கு இல்லை. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து பிள்ளையை டார்ச் அடித்துக் கூட்டி வருவேன். அவன் பை முழுக்க, பிள்ளைகள் விளையாடப் பொறுக்குகிற கான்கர் கொட்டை. அந்த அம்மா பிராம்லி என்கிற புளிப்பு ஆப்பிளைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அந்தப் புளிப்புக்கு மாங்காய் ஊறுகாய் மாதிரியே வெந்தயமும் கடுகெண்ணெயும் போட்டு நான் ஊறுகாய் போட்டேன். ஒரு பாட்டில் அவருக்கும் கொடுத்தேன். சீஸோடு சேர்த்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். அவர் இப்போது இல்லை. அவர் கொடுத்த தூரிலிருந்து பிரித்ததுதான் வில்லேஜ் ஹாலில் இருந்தது. வேர் இருக்கிறதே, வசந்தத்தில் திரும்ப முளைக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். முளைக்கும், எனக்கும் தெரியும். இந்த வருஷப் பூ திரும்பாது.

இத்தனைக்கும் இது ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டம். ஆஸ்டருக்குப் பெயர்போன மண். மால்வர்ன் குன்றின் அடிவாரத்தில் கோல்வாலில் எர்னஸ்ட் பல்லார்ட் 1906இல் நாற்றுப்பண்ணை தொடங்கி, புதுப்புது ஆஸ்டர் வகைகளை உருவாக்கினார். அதே இடத்தில் இன்றைக்கும் பிக்டன் தோட்டத்தில் இலையுதிர்கால ஆஸ்டர்களின் தேசியத் தொகுப்பு இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் அங்கே போய்ப் பாருங்கள், ஊதாவிலும் நீலத்திலும் சிவப்பிலும் பாதையே தெரியாத அளவுக்குப் பூத்துக் கிடக்கும். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ காசு கொடுத்து வருகிறார்கள். நம் ஊரில் அதே பூவைக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம்.

இப்போது எனக்கு உண்மையில் வலித்த இடத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மீட்டிங்கில் பேச்சுவாக்கில் ஒருவர், "உங்கள் நாட்டில் இலையுதிர்காலமே கிடையாதே, உங்களுக்கு இது பழகியிருக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் ஊரில் இலையுதிர்காலம் கிடையாது, சரி. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அங்கே கொல்லையெல்லாம் பச்சை பிடிக்கும், வருஷத்தின் அந்த முனை எனக்கு ஆரம்பமாகத்தான் பழக்கம். அதனாலேயேதான் இந்த அக்டோபர் என் கண்ணுக்கு முடிவாகத் தெரியவில்லையோ என்னவோ. ஆனால் இந்தக் களிமண்ணை நான் கையால் பிசைந்திருக்கிறேன். ஆஸ்டர் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. டேலியா மெக்சிகோவிலிருந்து. ஜப்பான் அனிமோனின் சொந்த ஊர் சீனா. என் தெற்குச் சுவரோரம் இப்போது இலையே இல்லாத தண்டில் பளீரென்று பூத்திருக்கிற நெரீன் தென்னாப்பிரிக்காவுடையது. ஆங்கிலேயத் தோட்டத்தின் அக்டோபர் நிறத்தில் பாதி வெளியூரிலிருந்து வந்ததுதான். அவற்றைப் பார்த்து யாரும் உனக்கு இந்தப் பருவம் பழகியிருக்காது என்று சொல்வதில்லை.

நம்மவர்களில் சிலரும் உள்பெட்டியில் வந்து "வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு இவ்வளவு அழுகையா, நம் ஊர்ப் பிரச்சினையை எழுது" என்கிறார்கள். நான் குடியிருப்பது இங்கே. வரி கட்டுவது இங்கே. என் பிள்ளை வளர்வது இங்கே. சந்து முழுக்க, சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்குப் பழம் ஏற்றுகிற டிராக்டர் இறைத்துவிட்டுப் போகிற சேற்றில் நடக்கிறவள் நான். என் கண்ணெதிரே நடப்பதை எழுத எனக்கு யார் அனுமதி தர வேண்டும்?

இது அந்த ஒரு பாத்தியோடு நிற்கிற பழக்கமும் இல்லை. பறவை கூடு கட்டுகிற காலம் என்று மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயலோரத்து உயிர்வேலிகளை வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, 2024இல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் செப்டம்பர் பிறந்தவுடனே மெஷினைக் கொண்டுவந்து, ஹாதார்ன் என்கிற வேலி முள்மரத்தில் பழம் சிவந்து நிற்கிற கிளையை அப்படியே அடித்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்களே! பழைய கிளையில்தான் அது பூத்துக் காய்க்கும். வருஷாவருஷம் நுனியை அடித்தால் பூவும் கிடையாது, பழமும் கிடையாது. அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டிப் பசியோடு வருகிற ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் பறவைகள் எதைத் தின்னும்? எல்லாரையும் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கத்து வயல்காரர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வெட்டுகிறார். இன்றைக்கு அவர் வேலியைப் போய்ப் பாருங்கள். ஸ்பிண்டில் செடியின் காய் இளஞ்சிவப்பாக வெடித்து உள்ளே ஆரஞ்சு விதை தெரிகிறது, பக்கத்தில் காட்டு ரோஜாக் காய், கருநீலத்தில் ஸ்லோ பழம்.

நேற்று ஹால் கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். பாத்தியை மார்ச் வரை யாரும் தொட வேண்டாம், பிப்ரவரிக் கடைசியில் காய்ந்த தண்டையெல்லாம் நானே வந்து வெட்டி அள்ளிவிடுகிறேன், நடைபாதை இலையும் என் பொறுப்பு என்று. சுவரில் ஐவி மறுபடி படர்ந்தால் பூ முடிகிற வரை கத்தரி வைக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை மாலை. இந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து வாருங்கள். அன்றைக்குப் போல நான் மட்டும் தனியாக நின்று பேசும்படி விட்டுவிடாதீர்கள்.