உள்ளே ஒரு இஞ்ச் துணி

சென்ற ஞாயிறு சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில் இரண்டரை மணி நேரம் நின்றேன். வாங்கப் போனது ஒரே ஒரு குர்தி. அலுவலகத்துக்குப் போட்டுப்போக, பருத்தியில், முக்கால் கை வைத்தது. மூன்று கம்பெனிகளின் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தேன். முதலாவது பாதியிலேயே மாட்டிக்கொண்டது. ஏற்றவும் முடியாமல் கழற்றவும் முடியாமல், இரண்டு கையையும் தூக்கியபடி கோவிந்தா போடுகிறவள் மாதிரி கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டாவது உடம்புக்குச் சரி. புஜத்தில் மட்டும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போல இறுகியது. மூன்றாவதற்குள் என் தங்கையையும் சேர்த்துக் குடிவைக்கலாம்.

வெளியே வந்ததும் கடைப்பெண், "ஃப்ரீ சைஸ் பாருங்கள் அக்கா, எல்லாருக்கும் வரும்" என்றாள். அவள் மேல் கோபமில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அந்த மாடியில் ஒரு ஸ்டூலைக்கூடக் காணோம். கால் கடுக்க நிற்கிறவளிடம் நான் என்ன நியாயம் கேட்பது?

வழக்கமாக இந்த இடத்தில்தான் நாம் நம் உடம்பைத் திட்டிக்கொள்வோம். நானும் பல வருடம் திட்டியிருக்கிறேன். ஆனால் கணக்கே வேறு. நடுத்தர அளவில் ஒரு மாதிரியைத் தைத்துவிட்டு, மேலே போகப் போக மார்புச் சுற்றளவில் இரண்டிரண்டு இஞ்சாகக் கூட்டுகிறார்கள். கூடவே தோளும் கழுத்தும் வளர்கின்றன. இரண்டு பிள்ளை பெற்றதில் என் இடுப்பு பெருத்தது உண்மை. தோள் எலும்புமா பெருக்கும்? போதாக்குறைக்கு, 42 என்று ஒருவர் போட்டால் அது உடம்பின் அளவு, இன்னொருவர் போட்டால் துணியின் அளவு. இந்திய உடம்புக்கென்று ஒரு அளவுப் பட்டியல் வேண்டும் என்று ஆறு நகரங்களில் சுமார் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்க, ஆடை வடிவமைப்புப் படிப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் திட்டம் போட்டதே இதனால்தான்.

அளவு பிசகினால் பிசகட்டும். பிரித்துத் தைக்கவாவது வழி வேண்டாமா? புஜம் இறுக்கிய அந்த இரண்டாவது குர்தியை, நிறம் பிடித்துப்போனதால் வாங்கி, குகைப் பகுதியில் எனக்குத் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் கையை உள்புறமாகத் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தார். ஓவர்லாக் போட்டு ஒட்ட நறுக்கியிருந்தது. கால் இஞ்ச்கூட இல்லை. "இதில் பிரிக்க என்னங்க இருக்கிறது?" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

என் அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. விலாப்பக்கம் திருப்பினால் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி. அதில் வரிசையாக மூன்று தையல். கல்யாணத்துக்குத் தைத்தது, நான் பிறந்த பிறகு ஒன்று பிரித்தது, தம்பிக்குப் பிறகு இன்னொன்று. பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் இன்னும் தெரிகின்றன. துணி வெளுத்திருக்கிறது, அந்தப் பட்டை மட்டும் வாங்கிய நாளின் அரக்கு நிறத்திலேயே இருக்கிறது. அம்மாவின் உடம்பு மாறும் என்று அந்தத் தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்குகிற கம்பெனிக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் தைக்கும்போது ஆளுக்கு ஒரு இஞ்ச் மிச்சம் பிடித்தால் லாபம்தான், மறுக்கவில்லை. அந்த லாபத்தைத்தான் நான் புஜத்தில் சுமக்கிறேன்.

இத்தனைக்கும் இது நெசவு ஊர். அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டு வேட்டியை நெய்கிறவர் யார் இடுப்பையும் அளப்பதில்லை. எட்டு முழம், கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். என் கணவர் எத்தனை கிலோ ஏறினாலும் அவர் வேட்டிக்குக் கவலையில்லை. கல்யாண வீட்டில் அவர் இரண்டாம் முறை பாயசம் வாங்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

இனி கடையில் எந்த உடுப்பை எடுத்தாலும் முதலில் உள்புறம் திருப்பிப் பார்ப்பதாக இருக்கிறேன். தீபாவளிக்கு மட்டும் துணி எடுத்துத் தைப்பது என்று முடிவு. நேற்றே குகைக்குப் போய், அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார்.