புதையலை எடுத்த கையோடு சாவு

'இன்ஃபிடல்' விளையாட்டின் முடிவை இங்கே போட்டு உடைக்கப்போகிறேன். 1983இல் வந்த கணினி விளையாட்டு; எகிப்துப் பாலைவனத்தில் ஒரு பிரமிடையும் அதன் புதையலையும் தேடும் கதை. இன்னும் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக மைக்கேல் பெர்லின் எழுதியது. படமே கிடையாது. எங்கே நிற்கிறோம், எதிரே என்ன இருக்கிறது என்று திரையில் எழுத்து ஓடும். போ, தோண்டு, குடி என்று நாம் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். நைலில் தண்ணீர் பிடிக்காமல் பாலைவனத்தில் நடந்து எத்தனை முறை தாகத்தில் செத்தேன் என்று கணக்கே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுவர் எழுத்துகள். படம் காட்ட வழியில்லை, ஆனால் பிரமிடு என்றால் சித்திர எழுத்து வேண்டுமே! கீபோர்டில் இருக்கும் கோடு, நட்சத்திரம், ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் கோத்து ஒரு எழுத்துமுறையையே இட்டுக்கட்டிவிட்டார்கள். சிலவற்றுக்குப் பொருள் பெட்டியோடு வந்த தாள்களில் உண்டு. மீதியை நாமே ஊகிக்க வேண்டும். நான் பழைய டைரி ஒன்றில் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒரு குறிக்குப் பொருள் பிடிபடும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது இன்றைய பளபளப்பான முப்பரிமாண விளையாட்டு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். நாயகனுக்குப் புகழ் வெறி. புனித நாளிலும் கூலியாட்களை விரட்டி வேலை வாங்குகிறான். அவர்கள் இவனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தனியாகவே பிரமிடைத் தேடிப்பிடித்து, பொறிகளை எல்லாம் தாண்டி, கடைசியில் கல் சவப்பெட்டியைத் திறக்கிறான். அறை இடிந்து வழி அடைபடுகிறது. ஜெயித்தாயிற்று, ஆனால் இனி வெளியே வர முடியாது. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா பரிசு என்று அன்றைக்குப் பலர் கொதித்தார்கள். எனக்கென்னவோ பிரமிடு விளையாட்டுகளிலேயே இதுதான் நேர்மையான முடிவு. கல்லறையைக் கொள்ளையடிப்பவனுக்குக் கைதட்டல் எதற்கு?

தற்செயல்தான், அதே 1983இல் எகிப்து 117ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்து தொல்பொருள் வியாபாரத்துக்குத் தடை போட்டது. அதற்கு முன் உரிமம் வைத்திருந்த கடைகளில் வெளிப்படையாகவே விற்றார்கள். கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் விற்பனை அறை இருந்தது!

குறையும் உண்டு. விட்டுப்போன அந்த ஆட்கள் கதைக்குள் நம் கண்ணில் படுவதே இல்லை. அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு விளையாட்டு வந்தால் முதல் ஆளாக விளையாடுவேன்.

என் தம்பி நேற்றுதான் பிரமிடுக்குள் நுழைந்திருக்கிறான். தயவுசெய்து யாரும் இங்கே அவனை டேக் செய்யாதீர்கள்.