நீ யாரு மவன்?

எங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்த காலத்தில் முன்பின் தெரியாதவர் யாரும் சுலபமாக எங்கள் வீட்டுப் படி ஏறிவிட முடியாது. வந்தவர் தன் பேரைச் சொன்னால் அது ஆச்சி காதிலேயே விழாது. "பேரு கெடக்கட்டும்யா, நீ யாரு மவன்?" அப்பா பேரைச் சொல்லியும் பிடிபடவில்லையென்றால், "சரி, அவரு யாரு மவன்?" ஆச்சிக்குத் தெரிந்த ஏதோ ஒரு கிழவர் பேரில் போய் நின்ற பிறகுதான் செம்பில் தண்ணீர் வரும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை எனக்கு. போன வருஷம் நடந்த ஒரு கூத்துக்குப் பிறகு, ஆச்சியை வேலைக்கு வைத்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

நயினார்குளம் மார்க்கெட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்கிற ஓர் அண்ணாச்சிக்குக் கணக்கு மென்பொருள் ஓட்டிக் கொடுக்கிறோம். முன்னால் என்ஜின்எக்ஸ் என்கிற ப்ராக்ஸி (வருகிறவர்களிடம் கேட்டு வாங்கிப் பின்னால் கொண்டுபோய்க் கொடுக்கிற வாசல்காரன்), பின்னால் வேறோர் இடத்து வாடகை மெஷினில் அசல் மென்பொருள், இரண்டுக்கும் நடுவே எச்டிடிபிஎஸ், அதாவது என்க்ரிப்ட் ஆன பாதை. ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, நம்ம கணக்கைத் தொறந்தா வேற எவனோட கம்பெனியோ வருதே. பூட்டுப் படமெல்லாம் சரியாத்தான் இருக்கு." தூக்கக் கலக்கத்தில் "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். "அதெல்லாம் பண்ணியாச்சு. கணக்கப்பிள்ளை நம்ம பாஸ்வேர்டையும் போட்டுப் பாத்துட்டாரு, உள்ள விடமாட்டேங்கு." அதற்கு மேல் தூக்கம் எங்கே?

சனிக்கிழமை இரவு எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் பின்னால் இருக்கும் மெஷினை நிறுத்தி, கொஞ்சம் பெரிதாக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறான். நிரந்தர ஐபி, அதாவது மெஷினுக்கு மாறாத நெட்வொர்க் முகவரி, வாங்கி வைக்கவில்லை. நிறுத்தியதும் பழைய ஐபி கைவிட்டுப் போனது. அது வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்து, அவர்களும் அதில் ஒரு தளத்தை ஏற்றிவிட்டார்கள். எங்கள் ப்ராக்ஸியிலோ அந்தப் பழைய ஐபிதான் எழுதியிருந்தது. ப்ராக்ஸி அங்கே போய்க் கதவைத் தட்டியது. உள்ளே இருந்த யாரோ "நாந்தான்" என்றார்கள். சரி என்று அண்ணாச்சியின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டது. எல்லாம் பத்திரமாக, என்க்ரிப்ட் செய்தே கொடுத்தது. வாங்கின ஆள்தான் வேறு.

பிரவுசரில் தெரிகிற பூட்டு, பிரவுசருக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவில் உள்ள பாதைக்கு மட்டுமே சாட்சி. அதற்கு அப்பால் ப்ராக்ஸி யாரோடு பேசுகிறது என்பதைக் கணக்கப்பிள்ளை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். பின்னால் இருக்கிற மெஷின் நீட்டும் சான்றிதழை, அதாவது 'நான் இன்னார்' என்கிற அடையாளச் சீட்டைச் சரிபார்க்க, என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நாமாகப் போய் ஆன் செய்யாதவரை அது ஆஃப்தான். 2004ல் வெளிவந்த மென்பொருளுக்கு இந்த அமைப்பே 1.7.0 பதிப்பில், 2014ல்தான் வந்தது. அதாவது பத்து வருஷம், கேட்க நினைத்தாலும் "நீ யாரு மவன்" என்று கேட்க வழியில்லை. அப்பாச்சி என்கிற இன்னொரு சர்வர் மென்பொருள் இன்னும் வேடிக்கை. சான்றிதழில் உள்ள பேர் பொருந்துகிறதா, காலாவதியாகிவிட்டதா என்று தானாகவே பார்க்கும். யார் கையெழுத்துப் போட்டது என்பதை மட்டும் எஸ்எஸ்எல்ப்ராக்ஸிவெரிஃபை என்கிற அமைப்பை வைக்காமல் பார்க்காது. தானே எழுதிக்கொண்ட சான்றிதழில் எந்தப் பேரையும் போட்டுக்கொள்ளலாமே! எனக்குப் பிடித்தது எச்ஏப்ராக்ஸி என்கிற மற்றொரு ப்ராக்ஸியின் வழி. சரிபார்ப்பு வேண்டாம் என்றால் 'வெரிஃபை நன்' என்று நம் கையாலேயே எழுதவைக்கும். எழுதுகிறவனுக்கு ஒரு நொடியாவது உறுத்தும்.

அன்றைக்குக் காலையில் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, பத்து மணிக்கு உட்கார்ந்து வெரிஃபையை ஆன் செய்தோம். எடுத்த எடுப்பிலேயே என்ஜின்எக்ஸ் கான்ஃபிகை (அமைப்புகளை எழுதிவைக்கிற கோப்பை) ஏற்க மறுத்தது: நம்பத் தகுந்தவர் பட்டியல் எங்கே என்று கேட்டது. நியாயம்தான், ஆச்சிக்கு ஊர்ப் பெரியவர்களைத் தெரியாமல் எப்படி விசாரிப்பாள்? பின்னால் இருப்பது எங்கள் சொந்த மெஷின் என்பதால் நாங்களே ஒரு சிஏ (சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற பெரியவர்) உண்டாக்கி, அதன் கையெழுத்தில் சான்றிதழ் போட்டு, ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ட்ரஸ்டெட்_சர்டிஃபிகேட்டில் அந்த சிஏ கோப்பை மட்டும் காட்டினோம். உபுண்டு இயங்குதளத்தோடு வரும் பொதுப் பட்டியலைக் காட்டியிருந்தால் உலகத்துப் பெரியவர்கள் எல்லாரையும் நம்ப வேண்டிவரும். வீட்டுக்குள் போகிற வழிக்கு அத்தனை பேர் எதற்கு?

ரீலோட் செய்தோம். 502: பின்னால் இருப்பவரோடு ப்ராக்ஸியால் பேச முடியவில்லை என்கிற பிழை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். எரர் லாகில் சான்றிதழ் பேர் பொருந்தவில்லை என்று ஒரு வரி. இதில் முக்கால் மணி நேரம் போனது. தம்பி ஐபியை எடுத்துவிட்டு 'பேக்எண்ட்' என்று ஓர் அப்ஸ்ட்ரீம் பெட்டி (பின்னால் உள்ள மெஷினின் முகவரியை ஒரு பேருக்குக் கீழே எழுதிவைக்கிற இடம்) கட்டியிருந்தான். எங்கே போக வேண்டும் என்று சொல்கிற ப்ராக்ஸி_பாஸில் அந்தப் பெட்டியின் பேரை எழுதினால், என்ஜின்எக்ஸ் சான்றிதழிலும் 'பேக்எண்ட்' என்ற பேரையே தேடும். சான்றிதழில் இருப்பதோ மெஷினின் முழுப் பேர். ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம் என்பதில் அந்த முழுப் பேரைக் கொடுத்ததும் வழிக்கு வந்தது. ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_சர்வர்_நேம் என்பதையும் ஆன் செய்தோம். அதுவும் தானாக ஆன் ஆவதில்லை. அது இல்லாவிட்டால் யாரைத் தேடி வந்தோம் என்று சொல்லாமலே கதவைத் தட்டுவோம். பல தளங்கள் குடியிருக்கிற மெஷினில் வேறு யாருடைய சான்றிதழாவது எதிரே வந்து நிற்கும்.

வேறு ஒரு வாடிக்கையாளருக்கு இதையே செய்தபோது "லோக்கல் இஷ்யூவர்" கிடைக்கவில்லை என்று 20ஆம் எண் பிழை வந்தது. எதிர்ப்பக்கம் தன் சான்றிதழை மட்டும் நீட்டி, நடுவில் கையெழுத்துப் போட்ட சிஏவின் சான்றிதழை அனுப்பவில்லை. பையன் தன் பேரைச் சொல்கிறான், நமக்குத் தெரிந்தது தாத்தாவை, நடுவில் அப்பன் பேரைக் காணோம். நடுவில் ஒருவருக்கு மேல் இருந்தால், எத்தனை தலைமுறை வரை விசாரிக்கலாம் என்று சொல்கிற வெரிஃபை_டெப்த்தையும் ஏற்ற வேண்டும். அது 1ல் நிற்கும், ஆச்சி அளவுக்குப் பொறுமை கிடையாது.

"இன்டர்னல் நெட்வொர்க்தானே, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்கிற நண்பர்களுக்கு: எங்கள் ப்ராக்ஸிக்கும் அந்த ஐபி சனிக்கிழமை வரைக்கும் சொந்த வீட்டு முகவரியாகத்தான் இருந்தது.

இதில் தொல்லையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் போட்ட சான்றிதழுக்கு ஒரு வருஷக் கெடு. நினைவூட்டல் எதுவும் வைக்கவில்லை. இந்த வருஷம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று காலையில் அது காலாவதியானது. ஊரே ரத வீதியில் வடம் பிடித்துக்கொண்டிருக்க, நான் டவுனில் ஒரு டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை விரித்துப் புதுச் சான்றிதழ் போட்டுக்கொண்டிருந்தேன். போன் ஹாட்ஸ்பாட் அந்தக் கூட்டத்தில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி கத்தினார். கத்தட்டும். வேறு எவனிடமோ பாஸ்வேர்டைக் கொடுப்பதைவிட 502 எனக்குச் சம்மதம். முப்பது நாளுக்கு முன்பே மெயில் அனுப்புகிற ஸ்கிரிப்ட் அன்றைக்குச் சாயங்காலமே ஏறிவிட்டது.

இதை எழுத உட்காருவதற்கு முன் எங்கள் எல்லா கான்ஃபிக் கோப்புகளிலும் க்ரெப் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஒன்பது ப்ராக்ஸியில் இரண்டில் இன்னும் வெரிஃபை ஆஃப். ஒன்றில் பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்று கமெண்ட் வேறு. எழுதின தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது, எழுதினவன் தம்பி இல்லை. நான்.