"29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணே"

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் என் பழைய ஸ்பிளெண்டரைப் பார்க்க வந்தான். உதைத்து ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டான், செயினை ஆட்டிப் பார்த்தான், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தான். விவரமான பையன். விலையும் படிந்தது. கடைசியில் "29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணே, பேரை அப்புறம் மாத்திக்கிறேன்" என்றான். 29, 30 என்பது வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்ற ஆர்.டி.ஓ.வில் கொடுக்கும் படிவங்கள்.

"அது முடியாது தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து பேர் மாத்தக் குடுத்துட்டு அப்புறம் சாவிய வாங்கிக்க" என்றேன். "ஓவராப் பண்றீங்கண்ணே" என்று போனவன் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதே வண்டியை 2020 பிப்ரவரியில் நானும் அப்படித்தான் வாங்கினேன். 2013 மாடல். பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் இரண்டு ஸ்பிளெண்டர் நின்றன. ஒன்று 34,000, ஓனரே வந்து பெயர் மாற்றித் தருவார். இன்னொன்று 27,000, ஓனர் வரமாட்டார், மூன்று கை மாறிய வண்டி. ஆனால் படிவம் 29, 30 இரண்டிலும் அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்திருந்தார்கள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. "இந்த ஃபார்ம் இருக்கிறவர்தான் சார் ஓனர்" என்றார் கடைக்காரர். ஏழாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு 27,000 வண்டியை எடுத்தேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி உள்ளூரிலேயே விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது, நல்ல சாக்கு. ஊரடங்கு முடிந்தது, சாக்கு முடியவில்லை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆன்லைனில் இன்சூரன்ஸ் புதுப்பிப்பேன். ஆர்.சி.யில் உள்ள அந்த முன்பின் தெரியாத மனிதரின் பெயரை நானே டைப் செய்வேன். அதில் பதினைந்து லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி வரும், அதற்கும் பணம் கட்டினேன். அது பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்குக் கிடைக்கிற காப்பீடு என்று பிறகுதான் தெரிந்தது. ஓட்டியது நான். விழுந்திருந்தால் எனக்குப் பத்துப் பைசா வந்திருக்காது.

2023 டிசம்பரில் வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெயர் மாற்ற ஓ.டி.பி. வேண்டும், பதிவில் இருப்பது பழைய ஓனரின் போன் நம்பர். கன்சல்டிங் இருந்த இடத்தில் செல்போன் கவர் கடை இருந்தது. ஆர்.சி.யில் இருந்த முகவரியைப் பார்த்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன்.

ஓடு போட்ட வீடு. ஓனரின் மனைவி வெளியே வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "நீங்கதானா தம்பி இத ஓட்டுறது?" என்றார். கணவர் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். நான் அவர் பெயரில் நான்கு தடவை இன்சூரன்ஸ் போட்டதில் மூன்று தடவை அவர் உயிரோடு இல்லை.

உள்ளே போய் ஒரு பழைய பட்டன் போனை எடுத்து வந்தார். கணவருடைய போன். ரீசார்ஜ் செய்து வைத்திருந்தார். அதில் இரண்டு குறுஞ்செய்திகளைக் காட்டினார்: வண்டி எண், ஹெல்மெட் அணியவில்லை, அபராதம் ரூ.1,000. இரண்டிலும் ஹெல்மெட் போடாமல் போனது நான். அக்டோபரில் வந்த ஒன்றை அவரே கட்டிவிட்டார். "போலீஸ்காரங்க வீட்டுக்கு வந்துருவாங்கன்னு மகன் சொன்னான். உரிமைத் தொகை ஆயிரம் வந்துச்சு, அதக் கட்டிட்டோம்." அதுவரை இந்த விஷயத்தில் ஏமாந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெறும் அபராதத்தோடு போனது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரு கார் பெயர் மாறாமலே அடுத்தடுத்துப் பலருக்குக் கைமாறி, அதன் பிறகு விபத்து. பதிவேட்டில் பெயர் இருந்த முதல் ஆள்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. நான் யார்மேலாவது மோதி, இன்சூரன்சிலும் ஏதாவது கோளாறாகியிருந்தால் நோட்டீஸ் இந்த ஓட்டு வீட்டுக்குத்தான் வந்திருக்கும். செகண்ட்ஸ் வண்டியில் வாங்குகிறவன் ஏமாறாமல் இருப்பது எப்படி என்றே எல்லோரும் பேசுகிறோம். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷன், அவசரத்துக்கு விற்றவன், அவன் கதையை யாரும் கேட்பதில்லை.

மற்றபடி எனக்கு நல்ல நேரம். திருட்டு வண்டி இல்லை, டியூ பாக்கியும் இல்லை. மெக்கானிக் நண்பன் பிறகு ஒன்று சொல்லிக் கொடுத்தான். ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்தில் சேஸ் நம்பர் அடித்திருக்கும். அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே விழும். வரிசை கோணலாக விழுந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலோ பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டும். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படக் காரணம் இருந்தும் வாங்கினால் வாங்கியவன்மேலும் வழக்கு வரும், முன்பு இ.பி.கோ. 411, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 317. ஆர்.சி. தொலைந்துபோச்சு, டூப்ளிகேட் எடுத்துத் தருகிறேன் என்பது இன்னொரு வகை. அந்த ஆர்.சி. ஏதாவது வட்டிக்கடை பீரோவில் அடமானமாக இருக்கலாம். அப்படி வாங்கிய கடன் ஆன்லைனில் எங்கேயும் தெரியாது. பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், கைக்கு வந்த வண்டியை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. அந்தச் சான்றைச் சுவரில் மாட்டிய கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

திரும்பி வந்து ஒரு புரோக்கரைக் கேட்டேன். "செத்தது ஆர்.டி.ஓ.வுக்கு எப்படி சார் தெரியும்? தேதியை 2020-னு போட்டுக்குவோம். அந்தம்மா போனை ஒரு நிமிஷம் வாங்கி ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்றார். ஒருநாள் முழுக்க அதை யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று இங்கே பொய் சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் நேர்வழியிலேயே போனேன். அது நீளமாக இருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 கொடுத்து முதலில் ஓனரின் மனைவி, அந்த அக்கா பெயருக்கு, பிள்ளைகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, அப்புறம் புதிதாக 29, 30 போட்டு என் பெயருக்கு. இரண்டு மாதம் ஆனது. அபராதப் பணம் ஆயிரத்தையும், அலைந்த நாட்களுக்குக் கூலியும் பஸ் காசும் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று மிச்சம் பிடித்த ஏழாயிரத்தைவிட அதிகமாகவே செலவானது.

கடைசிக் கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பிடித்தபடியே கேட்டார். "பேரு மாறுனா நம்பரும் மாறிருமா தம்பி?"

"மாறாதுக்கா. அதே நம்பர்தான்."

"அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.