மடிக்கணினியோடு வாசித்தால் அது ஜாஸா?

சென்ற சனிக்கிழமை மாலை 600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அன்று கிளம்பிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு காபிக் கடை. வாசலில் 'ஜாஸ் மாலை' என்று பலகை வைத்திருந்தார்கள். ஆசையோடு போனேன். மங்கலான மஞ்சள் விளக்கு, சுவரில் ட்ரம்பெட் ஊதும் யாரோ ஒருவரின் நிழலோவியம், நாற்காலிக்கு நாற்காலி வெல்வெட் உறை. மேடையில் ஓர் இளைஞர், ஒரு சாக்சபோன், ஒரு மடிக்கணினி. அவ்வளவுதான். டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் அந்த மடிக்கணினிக்குள். பொத்தானை அழுத்துவார், பதிவு ஓடும், அதன்மேல் பழைய திரைப்பாட்டு மெட்டுகளை ஊதுவார். இனிமையாகத்தான் ஊதினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஓர் இடத்தில்கூட மெட்டை விட்டு நகரவில்லை. நகர்ந்தாலும் என்ன பயன்? அந்த மடிக்கணினிக்குக் காது இருக்கிறதா?

இடைவேளையில் ஏற்பாட்டாளரைப் பிடித்து, "தம்பி, இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "சார், சாக்சபோன் இருக்கிறதே!" என்றார்.

சாக்சபோன் இருக்கிறதாம்! கத்ரி கோபால்நாத் சாக்சபோனைத் தூக்கிக்கொண்டு சபா சபாவாகக் கச்சேரி செய்தாரே, அவர் வாசித்தது ஜாஸா? கர்நாடக இசை ஐயா, கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமுமாக முழுக் கச்சேரி. 1977இல் லண்டனில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பங்க் குழுவில் (பங்க் என்றால் வேகமும் சத்தமுமான முரட்டு ராக் இசை) பாலி ஸ்டைரீன் என்ற பாடகி தொண்டை கிழியப் பாட, பக்கத்தில் லோரா லாஜிக் என்ற பதின்வயதுப் பெண் சாக்சபோனை அலறவிட்டாள். அதுவும் ஜாஸ்தானா? இந்தப் பக்கம் ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் வாசித்தது எலக்ட்ரிக் கிட்டார். அவரை ஜாஸ் இல்லை என்று தள்ளிவிடலாமா? நாதஸ்வரம் கேட்கிற வீட்டிலெல்லாம் கல்யாணம் என்று பந்தியில் போய் உட்கார முடியுமா?

கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸைப் புரியவைப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. கற்பனாஸ்வரத்தில் பாடகர் எதிர்பாராத ஓர் இடத்தில் நிறுத்துகிறார். மிருதங்கக்காரர் அதை அப்படியே அள்ளி ஒரு சொல்லாகத் திருப்பிக் கொடுக்கிறார். வயலின்காரர் உதட்டோரம் சிரிக்கிறார். அந்தக் கணம்தான் ஜாஸின் உயிரும். இரண்டும் ஒன்றே என்று சொல்லவில்லை. அங்கே வேலி ராகம். இங்கே பெரும்பாலும் 12 அல்லது 32 தாள அளவு கொண்ட ஒரு கார்டுச் சுற்று (கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்) திரும்பத் திரும்ப வரும், அதன்மேல் ஒவ்வொருவரும் முறை வைத்துப் புதிதாக எதையாவது கட்டுவார்கள். கூடவே ஸ்விங் என்ற அந்த நடை: சமமாக எழுத வேண்டிய இரண்டு ஸ்வரங்களில் முதலாவது சற்று நீண்டு, அடுத்தது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். அடியில் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபின் கரகரப்பு. ஸ்விங் இல்லாத ஜாஸும் உண்டு, கார்டுச் சுற்றையே தூக்கி எறிந்த சாக்சபோன்காரர் ஆர்னெட் கோல்மனும் உண்டு. ஆனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அங்கேயே உருவாக்குவதை அவர்கூட விடவில்லை.

கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற இன்னொரு சாக்சபோன்காரர் 1939இல் 'பாடி அண்ட் சோல்' பாட்டைப் பதிவு செய்தார். எல்லாரும் அறிந்த காதல் மெட்டு. மனிதர் தொடக்கத்தில் அதைச் சற்றே தொட்டுக் காட்டிவிட்டு விலகியவர்தான், மூன்று நிமிடம் முடியும்வரை மெட்டுப் பக்கமே திரும்பவில்லை. கார்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே போகிறார். அந்த இசைத்தட்டு அமோகமாக விற்றது! சாதாரண மக்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள். 1959இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை நியூயார்க்கில் இரண்டே நாள் அமர்வில் முடித்தார். வாசிக்க வேண்டியதன் வரைவுகளை அவர் தீட்டியதே பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் என்று பியானோ வாசித்த பில் எவான்ஸ் அதன் உறைக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கையில் ஒரு துண்டுத் தாள், எதிரில் ஐந்து பேரின் காதுகள். இதை மடிக்கணினியிடம் எப்படிக் கேட்பது?

என் கைபேசியில் இருக்கும் பாட்டுச் செயலி இன்னும் மோசம். 'தூங்குவதற்கு ஜாஸ்', 'படிப்பதற்கு ஜாஸ்', 'மழைக்கு ஜாஸ்' என்று வரிசை வரிசையாக நீட்டுகிறது. நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற இசைக் கூடத்தில் 1940களின் தொடக்கத்தில் விடிய விடிய மல்லுக்கட்டி பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியைப் பிறப்பித்தவர்கள் உங்களைத் தூங்கவைக்கவா அத்தனை பாடுபட்டார்கள்? பீபாப் சாக்சபோன்காரர் சார்லி பார்க்கரைப் போட்டுவிட்டு ஒரு குழந்தையைத் தூங்கவைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்தப் புகைச்சல் ஆறுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்து சேர்ந்தான். புதுச் சட்டை. தோளில் ஒரு கிழிசல், விலாவில் ஒரு கிழிசல், அதில் ஊக்கு. விலை 2,499 ரூபாயாம். "மாமா, இதுதான் பங்க்" என்றான். ஊக்கின் தலையில் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள், குத்திவிடக் கூடாதே என்று!

அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. பங்க் என்றால் கோழிக்கொண்டை முடியும் கிழிந்த சட்டையும் என்று யாரோ அவனுக்கு விற்றுவிட்டார்கள். 1976இல் ரமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. தனி ஆவர்த்தனம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஜானி ரமோன் கிட்டாரில் கையைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்துக்கொண்டு போனார். அதைச் சும்மா பத்து நிமிடம் செய்து பாருங்கள், மணிக்கட்டு கழன்றுவிடும். பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாட்டுள்ள ஓர் இசைத்தட்டைத் தாங்களே பதிவு செய்து, 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்டது. எந்தப் பெரிய நிறுவனத்தின் வாசலிலும் போய் நிற்கவில்லை. அதே மாதம் இங்கிலாந்தில் ரசிகர்கள் நடத்திய ஒரு சிறுபத்திரிகையில் மூன்று கார்டுகளின் படத்தைக் கையால் வரைந்து, இனி நீயே குழு தொடங்கு என்று அச்சிட்டார்கள். பங்க் அங்கே இருக்கிறது, சட்டையில் தேடாதே என்று அவனிடம் சொன்னேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

நியாயமாகப் பேசினால் இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் நொண்டும். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பெயர்போன பங்க் குழு உருவானதே லண்டன் கிங்ஸ் ரோடில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையைச் சுற்றித்தான். சட்டை வியாபாரம் பங்க்குக்குக் கூடப்பிறந்த வியாதி. சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஊக்குக்கு மூடி போடுவதா?

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை நண்பர் ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒற்றை வரித் தீர்ப்பு உண்டு. "வாசிக்கத் தெரிந்தவன் ஜாஸ், தெரியாதவன் பங்க். இதற்குப் போய் ஏன் கத்துகிறீர்கள்?" என்றார். வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துத்தான் தொடங்கினார்கள். விரல் வித்தை அத்தனையும் கைவசம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பங்க்குக்கு வந்து, கேட்பவர் மூச்சு முட்டும் வேகத்தில் வாசித்தார்கள். சாக்சபோன்காரர் ஜான் ஜோர்ன் 1989இல் அதே ஆர்னெட் கோல்மனின் மெட்டுகளை எடுத்து ஹார்ட்கோர் என்ற இன்னும் முரட்டுப் பங்க்கின் வேகத்தில் அடித்து நொறுக்கி ஓர் ஆல்பமே போட்டார். இவர்களை எந்தப் பெட்டியில் அடைப்பார் நண்பர்? ஜாஸ்காரன் பக்கத்தில் வாசிப்பவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், அதற்கு வருடக்கணக்காகச் சாதகம் செய்ய வேண்டும். பங்க்காரன் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இன்றைக்கே மேடை ஏறுகிறவன். சாதகம் செய்தவனும் அப்படி ஏறலாம், தடை இல்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நண்பர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நேற்று அந்தக் காபிக் கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அடுத்த மாதம் 'பங்க் இரவு' நடத்துகிறார்களாம். நுழைவுக் கட்டணம் 900 ரூபாய், முன்பதிவு கட்டாயம், செருப்பு அணிந்து வருபவர்களுக்கு அனுமதி இல்லை. அக்கா மகன் இரண்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறான். எனக்கும் சேர்த்துத்தானாம்.