மீன் சாகவில்லை என்பதும் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல

சில நாள்களாக எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்து மீன்களை விட்டுச் சோதித்ததைக் காட்டும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "96 மணி நேரம் வைத்திருந்தோம், ஏழு மீன்களும் உயிரோடு இருக்கின்றன, ஆகவே இது மீன்களுக்கு முற்றிலும் பாதுகாப்பானது" என்று அதில் பேசுபவர் சொன்னதை, அறிவியல் படித்த நண்பர்களே கைதட்டிப் பகிர்வதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பின்னூட்டத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சோதனை முடியும்போது தொட்டித் தண்ணீரில் அந்த வேதிப்பொருள் எவ்வளவு இருந்தது என்று அளந்தீர்களா? அதற்கு ஒரு தரப்பு என்னை வளர்ச்சிக்கு எதிரி என்றது. இன்னொரு தரப்பு மீன்களைக் கொன்று பிழைப்பவர் என்றது. கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

மீன் சாகவில்லை என்பது ஒரு செய்தி. பாதுகாப்பானது என்பது வேறொரு செய்தி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கக் கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

நன்னீர் மீன்களில் ஒரு வேதிப்பொருளின் குறுகிய கால நச்சுத்தன்மையை அறிவதற்கு உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றப்படுவது ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் 203ஆம் சோதனை வழிகாட்டி. 1981இல் வந்தது, 1992இலும் 2019இலும் திருத்தப்பட்டது. வரிக்குதிரை மீன், வானவில் ட்ரௌட், கெண்டை, கப்பி போன்ற மீன்களில் ஏதாவது ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றைவிட ஒன்று கூடுதலான செறிவுகளில் குறைந்தது ஐந்து தொட்டிகளும், எதுவும் கலக்காத ஒப்பீட்டுத் தொட்டி ஒன்றும் வைத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன்களை விட்டு, 96 மணி நேரத்தில் எத்தனை இறக்கின்றன என்று பார்ப்பார்கள். பாதி மீன்களைச் சாகடிக்கும் செறிவு எது என்று அதிலிருந்து கணக்கிடுவார்கள், அதுதான் எல்.சி.50. நச்சு அதிகம் இருக்காது என்று முன்கூட்டியே எதிர்பார்த்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற ஒரே செறிவில் மட்டும் வைத்துப் பார்க்கும் சுருக்க வழியும் உண்டு. அதற்கு வரம்புச் சோதனை என்று பெயர். காணொளியில் காட்டப்பட்டது இந்தச் சுருக்க வழியின் முடிவு. அதில் தவறில்லை, அது முறையான சோதனைதான். அந்த ஏழு மீன்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதுதான் கேள்வி.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பாதி மீன்களைக் கொல்லும் செறிவு உண்மையிலேயே 100 மில்லிகிராமாக இருந்தால், ஒவ்வொரு மீனும் பிழைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஏழும் பிழைக்கும் வாய்ப்பு 128இல் ஒன்றுதான். ஆகவே ஏழும் பிழைத்தால், பாதி சாகும் செறிவு 100க்கு மேல் இருக்கிறது என்று ஏறக்குறைய 99 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். அதற்குத்தான் ஏழு மீன்கள் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே செறிவில் உண்மையில் பத்து மீனுக்கு ஒரு மீன் சாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அப்போதும் ஏழும் பிழைத்திருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 48 விழுக்காடு. ஐந்துக்கு ஒன்று சாகும் என்றாலும், ஐந்து சோதனைகளில் ஒன்றில் ஏழும் உயிரோடுதான் இருக்கும். ஏரியில் ஐந்தில் ஒரு மீன் செத்து மிதந்தால் அதை யாராவது பாதுகாப்பு என்பார்களா? இந்தச் சோதனை அந்தக் கேள்விக்காக உருவானதே அல்ல. "பாதிக்கு மேல் சாகாது" என்பதைத்தான் அந்த ஏழு மீன்கள் சொல்கின்றன. "ஒன்றும் ஆகாது" என்று அவை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அடுத்து, நான் கேட்ட அந்தக் கேள்வி. தொட்டியில் 100 மில்லிகிராம் ஊற்றினோம் என்பதும் தண்ணீரில் 100 மில்லிகிராம் இருந்தது என்பதும் ஒன்றா? பல பொருள்கள் தண்ணீரில் அவ்வளவு கரையவே மாட்டா. சில ஆவியாகிப் போய்விடும். காற்று செலுத்தினால் இன்னும் வேகமாகப் போகும். சில ஒளியிலும் நீரிலும் சிதைந்துவிடும். பைரித்ராய்டு போன்ற பூச்சிக்கொல்லிகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு, ஆனால் தண்ணீரில் நிற்காமல் கண்ணாடிச் சுவரிலும் தீவனத் துகளிலும் எச்சத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. இதனால்தான் ஊற்றிய அளவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் செறிவைக் காக்க வேண்டும், 20 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் முடிவை அளந்த செறிவின் அடிப்படையில்தான் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி வற்புறுத்துகிறது. பதிலில்லாமல் கிடக்கும் என் கேள்வி குதர்க்கமானது அன்று. சோதனையின் அடித்தளமே அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு எண்ணெய்ப் பதமான ஒரு பொருள் சோதனைக்கு வந்தது. தொட்டியில் கலக்கியபோதே மேற்பரப்பில் வானவில் நிறத்தில் படலம் கட்டியது. கண்ணாடி மூலைகளில் கடுகளவு துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 96 மணி நேரம் முடிந்தது, மீன்கள் நன்றாகவே நீந்தின. நடுத்தண்ணீரில் எடுத்த மாதிரியை அளந்தபோது, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. அனுப்பியவர்கள் "100 மில்லிகிராமில் இறப்பு இல்லை" என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த அம்மையார் மறுத்துவிட்டார். "நாம் எவ்வளவு ஊற்றினோம் என்பதா முக்கியம், மீனின் செவுளுக்குப் போனது எவ்வளவு என்பதை எழுதப்பா" என்று என்னிடம் சொன்னார். அளந்த அளவுதான் அறிக்கையில் போனது. அவர்கள் அடுத்த முறை எங்களிடம் வரவில்லை. அந்த அம்மையாரிடம் தொழில் கற்றவன் நான். அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் ஆட்டிக் காட்டினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

"ஒழுங்குமுறை அமைப்புகளே ஏற்றுக்கொண்ட சோதனை, நீங்கள் யார் கேட்பதற்கு?" என்கிறார்கள். அவை எதற்காக ஏற்றுக்கொண்டன என்று பாருங்கள். வேதிப்பொருள்களின் ஆபத்தைத் தரம் பிரிக்கும் உலகளாவிய வகைப்பாட்டு முறையில், மீனுக்கான 96 மணி நேர எல்.சி.50 லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் நச்சு மிகுந்த முதல் வகை. 10 வரை இரண்டாம் வகை. 100 வரை மூன்றாம் வகை. 100க்கு மேல் போனால் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவ்வளவுதான். எந்தப் பீப்பாயில் எந்த எச்சரிக்கையை ஒட்டுவது, எதை முதலில் கவனிப்பது என்று தரம் பிரிக்க உதவும் எண் அது. பட்டியலில் இடம் இல்லை என்பதை நற்சான்றிதழாக அச்சடித்துக்கொள்ள அந்த முறையில் எங்கும் இடம் கொடுக்கப்படவில்லை.

"அப்படியென்றால் இந்தச் சோதனையே வீண் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே இருந்த வேதிப்பொருள் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் கலந்தபோது, பல நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அப்படியொரு விபத்தில் எந்தப் பொருள் சில மணி நேரத்தில் ஆற்றைக் காலி செய்யும் என்று முன்னதாகச் சொல்வதற்கு இந்தச் சோதனை வேண்டும். இதை மதிப்பதால்தான் இதைத் திரிப்பது எனக்கு வலிக்கிறது.

"ஆற்றில் கலந்தால் நீர்த்துப் போய்விடும்" என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கோடையில் ஆறு வற்றும். நீர்க்கும் என்ற நம்பிக்கையும் அதோடு வற்றும்.

ஆனால் நான்கு நாளில் தெரியாதது எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினில் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஹார்மோன் கழிவுநீர் வழியாக நீர்நிலைகளை அடைகிறது. கனடாவின் ஆய்வு ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை இதை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் அளவில், அதாவது ஒரு மில்லிகிராமில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழான அளவில், கலந்து பார்த்தார்கள். அங்கிருந்த ஃபாட்ஹெட் மின்னோ என்ற சிறிய மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது, இனப்பெருக்கம் குலைந்தது, சில ஆண்டுகளில் அந்த இனமே ஏரியிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போனது. 2007இல் அந்த முடிவு வெளியானது. அதே அளவில் 96 மணி நேரம் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு மீன்கூடச் செத்திருக்காது. காணொளிக்காரர் அந்த மீன்களையும் கேமராவுக்குக் காட்டியிருப்பார்.

எந்த மீனில் சோதித்தீர்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அமெரிக்காவின் வடமேற்கில் மழை பெய்தால் நகர ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து விழுவது பல ஆண்டுகள் புதிராக இருந்தது. வாகன டயர்களில் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி குயினோன்தான் காரணம் என்று 2020 இறுதியில் கண்டுபிடித்தார்கள். அடுத்து வந்த திருத்தப்பட்ட கணக்கில், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே பாதி கோஹோ மீன்களைக் கொல்லப் போதும் என்று தெரிந்தது. அதைவிடப் பன்மடங்கு செறிவிலும் வரிக்குதிரை மீன் சாகவில்லை. கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மன்கூட அவ்வாறு சாகவில்லை. வரிக்குதிரை மீனில் மட்டும் சோதித்து அறிக்கை எழுதியிருந்தால் அந்தப் பொருளும் பாதுகாப்பானதாகவே காட்சியளித்திருக்கும்.

தண்ணீரும் இதில் சேர்த்தி. மென்னீரில் தாமிரம் மீனை எளிதில் கொல்லும்; கடின நீரில் கால்சியம் செவுளில் இடம் பிடித்துக்கொண்டு ஓரளவு காக்கும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால், அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். எந்த நீரில், எந்த வெப்பநிலையில், எந்த மீனில் என்று சொல்லாமல் "மீனுக்குப் பாதுகாப்பு" என்று சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது.

இப்போது, என்னை மிகவும் புண்படுத்திய பின்னூட்டத்துக்கு வருகிறேன். "மீன்களைக் கொன்று சம்பளம் வாங்கியவர் நீதி பேசுகிறார்" என்று எழுதியிருந்தார் ஒருவர். அதற்கு விழுந்த விருப்பக் குறிகளில் என் நண்பர்களுடையவையும் இருந்தன. சோதனையில் மீன்கள் சாகின்றன என்பது உண்மை. அது எனக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். வாலின் அடிப்பகுதியைக் கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டு, அசைவு இல்லை, செவுள் மூடியும் அசையவில்லை என்றால்தான் "இறப்பு" என்று குறிக்க வேண்டும். அதிகாலையில் தொட்டிகளுக்கு முன்னால் அதைச் செய்தவனுக்கு அந்த உயிரின் கனம் தெரியும். மீனில்லாமல் சோதிக்கும் வழிகளை நான் எதிர்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வரிக்குதிரை மீனின் கருவில் சோதிக்கும் 236ஆம் வழிகாட்டி 2013இல் வந்தது. வானவில் ட்ரௌட்டின் செவுள் செல்களை வளர்த்துச் சோதிக்கும் 249ஆம் வழிகாட்டி 2021இல் வந்தது. இரண்டையும் பற்றி இதே பக்கத்தில் மகிழ்ச்சியோடு எழுதியவன் நான். மீன் வேண்டாம் என்னும் நாள் வந்தால் என்னைவிட யாரும் அதிகம் நிம்மதி அடையப் போவதில்லை. அதுவரை, ஒரு மீனைச் சோதனைக்கு விட்டால் அது காட்டுவதை முழுவதும் எழுத வேண்டும் என்கிறேன். அந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. இதைச் சொல்பவனையா கொலைகாரன் என்கிறீர்கள்?

ஏனென்றால் சாகாத மீனும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சோதனையின் கடைசி நாளில் நான் பார்த்த மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. உடல் கறுத்திருந்தது, செவுள் மூடி மற்ற மீன்களைவிட வேகமாகத் திறந்து மூடியது, தொட்டதும் திருகு போலச் சுழன்று மேலே வந்து மறுபடியும் சரிந்தது. எல்.சி.50 கணக்கில் அது உயிருள்ள மீன். சுருக்கப் பக்கத்தில் அது "இறப்பு இல்லை" என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். இப்படிச் சமநிலை இழப்பது, மேற்பரப்பில் மூச்சுக்குத் தவிப்பது, நிறம் மாறுவது, துடிப்பது ஆகிய அறிகுறிகளையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் விரிவாகச் சொல்கிறது. அந்த ஏழு மீன்களும் நீந்திக்கொண்டிருந்தனவா, கிடந்துகொண்டிருந்தனவா என்று காணொளியில் யாரும் கேட்கவில்லை. பகிர்ந்த நீங்களும் கேட்கவில்லை.

அறிக்கை முறையாகச் செய்யப்பட்டிருந்தால், அளந்த செறிவுகளின் அட்டவணையும் அறிகுறிகளின் அட்டவணையும் ஒப்பீட்டுத் தொட்டியின் விவரமும் அதன் உள்பக்கங்களில் இருக்கும். முதல் பக்கத்தைக் காட்ட முடிந்தவர்களுக்கு அவற்றைக் காட்டுவதில் சிரமம் இருக்காது. வெளியிட்டால் ஒவ்வொரு எண்ணையும் படித்துவிட்டு, அங்கே இருப்பதை இருப்பது போலவே இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். அது அவர்களுக்குச் சாதகமாக இருந்தாலும் எழுதுகிறேன்.